யாரும் செய்யாத ஒரு நகர்த்தல்

துறைமுக அலுவலகத்தில் என் வேலை கப்பல்களின் கடதாசிகளைச் சரிபார்ப்பது. ஒரு கப்பல் குடாவுக்குள் வருவதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும், அவற்றில் எந்தக் கட்டத்தைக் கப்பல்காரர்கள் வழக்கமாகப் பொய்யால் நிரப்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறிவை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மீன்காரர் தொடக்கம் மின்சார மீற்றர் பார்க்க வருபவர் வரை எல்லோரையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். கடைசியில் என் மனைவி, "இஞ்சேருங்கோ, சந்தேகப்படுறதுக்கு வெளியில எங்கயாவது ஒரு இடம் பாருங்கோ" என்றாள். அதனால் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிச் சதுரங்க நடுவரானேன்.

நடுவரின் வேலையில் பெரும்பகுதி மணிக்கூடுகளோடு மாரடிப்பது. பழைய, சாவி கொடுக்கும் சதுரங்க மணிக்கூட்டில் சந்தேகப்பட அதிகம் இல்லை. இரண்டு முகங்கள், மேலே இரண்டு பொத்தான்கள், நேரம் முடிந்தால் விழும் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. டிஜிட்டல் மணிக்கூட்டின் வயிற்றுக்குள்ளோ பல முறைகள் இருக்கின்றன. ஒரு முறையில், நகர்த்தி முடித்துப் பொத்தானை அமர்த்தும் ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள் கணக்கில் சேரும். வேகமாக ஆடுகிறவருக்குத் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலான நேரம் கையில் இருப்பதும் உண்டு. இன்னொரு முறையில் எதுவும் சேராது; உங்கள் நேரம் குறையத் தொடங்குமுன் மணிக்கூடு சற்றுப் பொறுத்திருக்கும், அவ்வளவுதான். மணற்கடிகை முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் யோசித்துச் செலவழிக்கும் நேரம் முழுவதும் எதிராளியின் பக்கம் போய்ச் சேரும். இது தவிர இரண்டு கட்ட முறை: இத்தனை நகர்த்தலை இவ்வளவு நேரத்துக்குள் செய்து முடித்தால் மேலதிக நேரம் கிடைக்கும். நகர்த்தல்களை மணிக்கூடே எண்ணிக்கொள்ளும். எந்த முறை வேண்டும் என்பதை அடியில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து இலக்கம் கொடுத்துத் தெரிவுசெய்ய வேண்டும். பிழையான இலக்கத்தைக் கொடுத்துவிட்டாலும் மணிக்கூடு முறைப்பாடு செய்யாது. கொடுத்தபடி ஓடும். மேலதிகாரி பிழையான கட்டளை இட்டாலும் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு அதையே செய்கிற உத்தியோகத்தர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களையும் நான் நம்பியதில்லை.

எங்கள் கழகம் உட்துறைமுகப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடும். அதன் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். எல்லோரும் அவரை மனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழகம் தொடங்கிய காலத்திலிருந்து ஆடுகிறவர். தோற்றால் காரணம் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. அவருக்குச் சரியான எதிராளி, பாலம் தாண்டினால் வரும் முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜியார். பல வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்தவர். கைப்பேசியிலிருந்து செருப்பு வரை தன்னிடம் இருப்பது எல்லாமே உலகத்தில் சிறந்தது என்று அவர் சொல்லுவார். நாங்கள் கேட்காமலே சொல்லுவார். கத்தாரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் மணிக்கூட்டைப் பற்றி மண்டபத்தில் இருந்த கதிரைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இது ஐரோப்பாக்காரன் ஆடுற மணிக்கூடு சேர்," என்பார் என்னிடம். "உங்கட கழகத்துச் சாமான் மாதிரி இல்ல."

"மணிக்கூடு ஐரோப்பா. ஆட்டம் மட்டும் கிண்ணியா," என்பார் மனேஜர்.

"தோக்கிற நேரம் எல்லா மணிக்கூடும் ஒண்டுதான் மனேஜர்."

இப்படியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் மாகாணப் போட்டிக்கான தெரிவில் கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே வந்து அமர்ந்தார்கள். வெல்லுகிறவர் எங்கள் மாவட்டத்துக்காக ஆடப் போவார். அதுவரை கழகத்தில் ஆளுக்கு ஒரு மணித்தியாலம், முடிந்தால் முடிந்தது என்றுதான் ஆடுவோம். மாகாணத்துக்கு என்பதால் இந்த முறை இரண்டு கட்டம்: ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நாற்பது நகர்த்தல், அதைச் செய்து முடித்தால் இன்னும் அரை மணித்தியாலம். கழகத்தின் மணிக்கூடுகளில் பாதி பற்றரி கசிந்து கிடக்க, மிச்சத்தை மற்ற மேசைகளுக்குக் கொடுத்துவிட்டதால் ஹாஜியாரின் மணிக்கூட்டையே வைத்தோம். நேரத்தை அவர்தான் வைத்தார். நான் அதை வாங்கி இலக்கத்தைப் பார்த்தேன், முதற் கட்டத்தைப் பார்த்தேன், இரண்டாம் கட்டத்தைப் பார்த்தேன், நகர்த்தல் எண்ணிக்கையைப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கும் கடதாசியைத்தான் துறைமுகத்தில் நாங்கள் இரண்டாம் தரம் பார்ப்போம். இரண்டாம் தரமும் பார்த்தேன்.

ஆட்டத்தின் நடுவில், வழக்கம்போல, தேத்தண்ணி வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தட்டோடு வாசலில் நின்று "தேத்தண்ணி!" என்றால், எங்கள் கழகத்தில் மணிக்கூடுகள் நிற்கும். எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் திரும்ப ஓடும். இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. நான் நடுவராக வந்த முதல் மாதமே இதை எதிர்த்துப் பேசி, ஒருவருடைய ஆதரவும் இல்லாமல் தோற்றுப்போனேன். அன்றிலிருந்து தேத்தண்ணி வந்தால் நான் வெளியே போய்விடுவேன். என் கண்முன் நடக்காத ஒழுங்கீனத்துக்கு நான் பொறுப்பில்லை. அன்றும் போய், எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரியும் மான்கள் வாசலில் கடதாசி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றேன்.

முதற் கட்டத்தின் முடிவில் ஹாஜியாருக்கு நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது. அவர் வேகமாக ஆடினார். ஒரு குதிரையை வைத்துவிட்டு மணிக்கூட்டை அமர்த்தினார். திரையில் அவருடைய நேரம் ஒரேயடியாக அரை மணித்தியாலத்தால் கூடியது. அவர் கதிரையில் சாய்ந்து முகத்தைத் துடைத்தார்.

மனேஜர் தன்னுடைய தாளை விரலால் எண்ணினார். பிறகு மணிக்கூட்டை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சேர், இது எத்தினையாம் மூவ்?"

இரண்டு பேருடைய தாள்களையும் பார்த்தேன். முப்பத்தொன்பது. மணிக்கூட்டின் எண்ணிக்கையைக் காட்டும் பொத்தானை அமர்த்தினேன். நாற்பது.

"நாப்பது முடியேல்லை. நேரம் வந்திட்டுது," என்றார் மனேஜர். "ஆருக்கு வந்தது? மணிக்கூட்டுச் சொந்தக்காரருக்கு."

"என்ன கதை கதைக்கிறீங்க?" என்று ஹாஜியார் எழுந்தார்.

மணிக்கூடு பிழைத்தால் நடுவர் நேரத்தைத் திருத்தி ஆட்டத்தைத் தொடரவிட வேண்டும். அரை மணித்தியாலத்தைக் கழித்து, மிச்சமிருந்த விநாடிகளை, ஆட்டம் முடிந்த ஒரு மேசையின் கழக மணிக்கூட்டில் வைத்தேன். ஹாஜியார் நாற்பதாவது நகர்த்தலை அந்த விநாடிகளுக்குள்ளேயே செய்தார். நியாயமாகவே மேலதிக நேரம் பெற்றார். ஆட்டத்தையும் வென்றார். மனேஜர் கைகொடுக்கவில்லை.

"மணிக்கூட்டுக்குள்ள ஏதோ வேலை பார்த்திருக்கு. அடுத்த ஞாயிறு கமிட்டி கூடட்டும்," என்றார். "நிரூபிச்சா ஆள் கழகத்திலயும் இல்லை, மாகாணத்துக்கும் இல்லை."

மண்டபத்தில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். பாதிப்பேர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தது. "கிண்ணியாவில இருந்து வாறவர்தானே" என்று பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்பதுபோல அவரே கூரையைப் பார்த்தார்.

ஹாஜியார் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வழக்கமான பெருமைப் பேச்சு எதுவும் அவரிடம் இல்லை.

"சேர், மாகாணம் போனாப் போகட்டும். நான் கடையில ஆணியும் கம்பியும் நிறுத்து விக்கிற ஆள். மணிக்கூட்டில கள்ளம் செஞ்சவன் தராசில செய்ய மாட்டானா எண்டு ஊர்ல கேப்பாங்க. நான் பாலம் தாண்ட முந்தி இந்தக் கதை தாண்டிரும்."

அது உண்மைதான். ஆனாலும் களவு செய்தவரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மணிக்கூட்டை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கமிட்டி கூடும்வரை அதை ஆராய்வது நடுவரான என் பொறுப்பு.

அந்தக் கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் மணிக்கூடுதான் இருந்தது. அதே இலக்கத்தைக் கொடுத்து, இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் என்று நாற்பது வரை அமர்த்தினேன். முப்பத்தொன்பதில் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதில் அரை மணித்தியாலம் சேர்ந்தது. மெதுவாக அமர்த்தினேன், அடித்து அமர்த்தினேன், அவசரத்தில் ஆடுகிறவர்கள் செய்வதுபோலக் கையில் காயை வைத்துக்கொண்டு அமர்த்தினேன். பற்றரி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் இருந்த திருகாணிகளில் கீறல் உண்டா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. யாரும் திறக்கவில்லை என்பதற்கு அது சான்று. கவனமாகத் திறந்திருக்கிறார்கள் என்பதற்கும் அதே சான்று.

"உந்த டிக்கு டிக்குச் சத்தத்தில எனக்கு விசர் பிடிக்குது," என்றாள் மனைவி. "அது என்ன சொல்லுது?"

"தான் சுத்தவாளி எண்டு சொல்லுது."

"அப்ப விடுங்கோவன்."

"நான் பாக்கேக்க மட்டும் ஒழுங்கா நடக்குது. அதுதான் பிழை."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். அன்று பின்னேரம் ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சேர், ஏதும் கிடைச்சிச்சா?"

"இல்லை."

"அப்ப நான் நல்லவன்தானே?"

"எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. அவ்வளவுதான்."

ஹாஜியார் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். பிறகு, "இண்டைக்கு வீடு கட்டுற மேசன் ஒருத்தர் கடைக்கு வந்தார்," என்றார். "மூணு கிலோ ஆணி நிறுத்துக் குடுத்தன். பக்கத்துக் கடைத் தராசில திரும்ப நிறுத்துப் பாத்திட்டுப் போறார் சேர். பத்து வருஷமா எனக்கிட்ட வாங்குற ஆள்."

கப்பலில் இருந்து இறக்கிய மூட்டைகளின் தொகை கடதாசியோடு பொருந்தாவிட்டால் துறைமுகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. கடதாசியைத் திரும்ப வாசிப்பதால் பிரயோசனம் இல்லை. அதே ஆட்களை, அதே இடத்தில், அதே ஒழுங்கில் நிறுத்தி வேலையைத் திரும்பச் செய்ய வைத்துப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். களவும் பிழையும் ஆட்களின் கையில்தான் இருக்கும். எந்தக் கை என்பதுதான் கேள்வி. என் கணக்கில் அது ஹாஜியாரின் கையாகத்தான் இருந்தது. அவர் விரல் எங்கோ ஓரிடத்தில் இரண்டு தடவை அமர்த்துகிறது, அதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு கமிட்டி கூடியதும் இதைச் சொன்னேன். தலைவர், ஓய்வு பெற்ற ஒரு போதகர், தலையை ஆட்டினார். மனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"விசாரணை எண்டு சொல்லிப்போட்டு நாடகம் போடப்போறியளோ?"

"ஓம். நீங்களும் நடிக்க வேணும்," என்றேன்.

இருவரும் அன்று இருந்த பக்கங்களிலேயே இருந்தார்கள். தாள்களைப் பார்த்து நான் ஒவ்வொரு நகர்த்தலாகச் சொன்னேன். அவர்கள் காயை வைத்து அமர்த்தினார்கள். கமிட்டியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். திரையில் எண்ணிக்கை தெரியும்படி மணிக்கூட்டை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். என் கண் ஹாஜியாரின் வலக்கையை விட்டு விலகவில்லை. தடித்த, துருக்கறை ஏறிய விரல்கள். ஒருதரம் வைத்தார், ஒருதரம் அமர்த்தினார். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நாங்கள் ஆட்டத்தின் நடுப்பகுதியில் இருந்தபோது வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

"தேத்தண்ணி!"

வழக்கமாக நான் எழுந்து வெளியே போகும் இடம் அது. அன்று எழும்பவில்லை. அதனால்தான் பார்த்தேன். மனேஜர் அக்கா பக்கம் திரும்பிக்கொண்டே, பார்க்காமல், இடக்கையை மணிக்கூட்டின்மேல் வைத்தார். அதன் மேலே நீளமாக இருக்கும் லீவர் ஒரு பக்கம் அமர்ந்தால் மறுபக்கம் எழும். அவர் தன் பக்கம் அமர்ந்திருந்த அதைத் தூக்கி நடுமட்டத்தில் நிறுத்தினார். பிறகு இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, "நிக்குதில்லையே" என்று முணுமுணுத்தபடி நிறுத்தும் பொத்தானையும் அமர்த்தினார். கோப்பையை வாங்கினார். குடித்து முடித்ததும் பொத்தானை விடுவித்து, லீவரைத் தன் பக்கம் திரும்பத் தட்டினார்.

திரையில் இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒவ்வொன்றால் கூடியிருந்தது.

நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நகர்த்தலைச் சொன்னேன். அடுத்ததைச் சொன்னேன். முப்பத்தொன்பதாவது நகர்த்தலில் ஹாஜியார் அதே குதிரையை அதே இடத்தில் வைத்து அமர்த்தினார். அவருடைய நேரம் அரை மணித்தியாலத்தால் கூடியது.

"பாத்தியளா!" மனேஜர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் சொன்னனானே! எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால!"

ஹாஜியாரின் முகம் சாம்பலாகிவிட்டது. "அல்லாஹ்வே, நான் ஒண்டும் செய்யல்ல," என்று தன் கைகளையே பார்த்தார்.

"மனேஜர், இருங்கோ," என்றேன். "தேத்தண்ணி வந்தவுடன நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"மணிக்கூட்டை நிப்பாட்டினனான்."

"எப்பிடி?"

"எப்பவும் நிப்பாட்டுற மாதிரித்தான்."

"ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

அவர் தன் பக்கத்தை அமர்த்திவிட்டு, சலிப்போடு கையை வைத்து லீவரை நடுமட்டத்துக்குத் தூக்கினார். எண்ணிக்கை மாறியது. தன் பக்கம் தட்டச் சொன்னேன். மறுபக்கமும் மாறியது. தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னொருக்கா" என்றார். இன்னொருக்கா மாறியது.

பழைய மணிக்கூட்டில் இரண்டு பொத்தான்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். எங்கள் கழகத்தில் தேத்தண்ணிக்கு மணிக்கூட்டை நிறுத்திய விதம் அதுதான். மூத்தவர்கள் எல்லோருடைய கையும் அப்படியே பழகியது. டிஜிட்டல் மணிக்கூட்டுக்கு நடு என்று ஒன்று கிடையாது. லீவரைத் தூக்கியது ஹாஜியார் அமர்த்தியதாகவும், திரும்பத் தட்டியது மனேஜர் அமர்த்தியதாகவும் அது எண்ணிக்கொண்டது. ஒரு தேத்தண்ணிக்கு ஒரு நகர்த்தல். ஒரே கட்டமாக ஆடிய காலத்தில் எண்ணிக்கையை யாரும் பார்க்கவில்லை, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை நான் விளங்கப்படுத்தி முடித்தபோது மண்டபத்தில் பல பேர் தங்கள் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வெறுங்கோப்பைகளை அடுக்கியபடி, "அப்ப என்ர தேத்தண்ணியாலயோ இவ்வளவும்? இனி எல்லாருக்கும் பச்சத்தண்ணிதான்," என்றார்.

மனேஜர் இன்னும் லீவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவில வைச்சா நிக்கத்தானே வேணும்? அப்ப மணிக்கூட்டிலதான் பிழை."

"மணிக்கூட்டில எண்டு சொல்லுறீங்களா, எனக்கிட்ட எண்டு சொல்லுறீங்களா?" என்றார் ஹாஜியார்.

மனேஜர் கனைத்தார். தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹாஜியார்ல பிழை இல்லை," என்றார் கடைசியில். "நான் அவசரப்பட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலைவர் திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

"எனக்கு அது இஞ்ச வேணாம்," என்றார் ஹாஜியார்.

"என்ன?"

"இஞ்ச இரிக்கிற ஒருத்தரும் எனக்கிட்ட ஆணி வாங்கிறல்ல. கடைக்கு வந்து சொல்லுங்க."

மனேஜர் ஒரு கிழமை இழுத்தடித்தார். வெயில் என்றார், முழங்கால் என்றார். அவர் போகாவிட்டால் நடந்ததைக் கழகத்தின் கூட்டத்தில் வாசிக்க வேண்டிவரும் என்று நடைமுறையை நான் நினைவூட்டினேன். அப்படி ஒரு நடைமுறை உண்டா என்று அவர் கேட்கவில்லை. இருவரும் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனோம். சாட்சியாக நான்.

ஹாஜியார் எங்களுக்குக் கதிரை போட்டார். கடையின் வாசற்புறத்தில், எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்தில். ஆணி வாங்கிய அந்த மேசனும், மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேரும் நின்றார்கள். மனேஜர் எழுந்து நின்று, வங்கியில் கடன் மறுக்கும் குரலில் சொன்னார்.

"அண்டைக்கு மணிக்கூட்டைப் பிழைக்கப் பண்ணினது நான். ஹாஜியார் ஒரு களவும் செய்யேல்லை."

"எந்த மணிக்கூடு?" என்றார் மூதூர்க்காரரில் ஒருவர்.

"அதுதான் செஸ் மணிக்கூடு, நான் சொன்னனே," என்றார் மேசன். பிறகு ஹாஜியாரைப் பார்க்காமலே, "கட்டுக்கம்பி ரெண்டு கிலோ போடுங்க," என்றார். நிறுத்துக் கொடுத்ததை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனார். பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பவில்லை. நான் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

மனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். அமர்ந்த கையோடு ஹாஜியார் கூப்பிட்டார்.

"மனேஜர், இன்னொருக்காச் சொல்லுங்க. இவர் தோப்பூர்ல இருந்து வாறார், கேக்கல்ல."

மனேஜர் திரும்பவும் சொன்னார். பிறகு சைக்கிளில் வந்த ஒருவருக்குச் சொன்னார். அந்தத் தடவை லீவரைப் பற்றியும் சேர்த்துச் சொன்னார். கையால் தூக்கியும் காட்டினார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். அந்த ஆளை ஹாஜியார்தான் சொல்லி வரவழைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நிரூபிக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி மனேஜர் எழும்பினார்.

"இருங்க மனேஜர்," என்று ஹாஜியார் அவருடைய தோளை அமர்த்தினார். "அஸர் தொழுகை முடிஞ்சாத்தான் சனம் வரும்."